பழைய ரோட்டில் போகக் காசு வாங்கலாமா? (ஸ்டாக்ஹோம், சிங்கப்பூர், லண்டன் கதைகள்)

#1 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

போன மாதம் ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். ஒரு நாள் காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் போனேன். சாலைக்குக் குறுக்கே மேலே ஒரு இரும்புச் சட்டம், அதில் வரிசையாகக் கேமராக்கள். மாமா அண்ணாந்து பார்த்தார்.

"டோல்கேட்டா? நிக்காமலே போற?"

நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும் மாமா, மாதத்துக்கு ஒரு பில் வரும் என்றேன்.

"புது ரோடா?"

பழைய ரோடுதான். கூட்டம் குறையணும்னு வாங்குறாங்க.

மாமா கொஞ்ச தூரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்போ காசு இருக்கறவன் காரில் போலாம், இல்லாதவன் போகக்கூடாது. அவ்வளவுதானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம், தீவுகளின் மேல் இருக்கும் ஊர். நடு நகரத்துக்குள் வர பாலங்களும் சில சாலைகளும்தான் வழி. 2006 ஜனவரி 3 அன்று 18 நுழைவிடங்களில் கட்டணம் தொடங்கியது. நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 குரோனர் (ஸ்வீடன் நாணயம்), ஒரு நாளைக்கு அதிகபட்சம் 60. உள்ளே போனாலும் காசு, வெளியே வந்தாலும் காசு. இரவிலும் வார இறுதியிலும் கிடையாது. ஏழு மாத சோதனை, அதன் பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

தொடங்குவதற்கு முன்னால் ஊரே எதிர்ப்பு. முதல் நாள் காலையில் பார்த்தால் பாலங்கள் காலி. கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஜூலை 31 அன்று சோதனை முடிந்தது, கேமராவை அணைத்தார்கள், கூட்டம் திரும்பி வந்தது. செப்டம்பர் 17 அன்று வாக்கெடுப்பு. நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேல் 'வேண்டும்' என்றார்கள். 2007 ஆகஸ்டிலிருந்து நிரந்தரம். இப்போது உச்ச நேரத்தில் 45 குரோனர் வரை போகிறது.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அப்போதைய மேயர் அன்னிகா பில்ஸ்ட்ரோம், 2002 தேர்தலில் 'கட்டணம் வராது' என்று வாக்குக் கொடுத்தவர். தேசிய அளவில் பசுமைக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டதால் கட்சி அவர் தலையில் இதைக் கட்டியது. வாக்கெடுப்பும் தேர்தலும் ஒரே நாள். கட்டணம் ஜெயித்தது, கொண்டுவந்த மேயர் தோற்றார்!

சரி, மாமாவின் கேள்விக்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

#2 கிண்டிக்காரன் (சென்னை)

மாமா கேட்டது கேள்வியே இல்லை, தீர்ப்பு. வண்டி வாங்கும்போது வரி, பெட்ரோலில் வரி, நெடுஞ்சாலையில் டோல். இதற்கு மேல் சொந்த ஊரின் தெருவில் நுழையவும் காசு என்றால், கடன் வாங்கி பழைய கார் ஓட்டுகிறவன்தான் மாட்டுவான். பென்ஸ்காரனுக்கு 45 குரோனர் டிப்ஸ் காசு. அவனுக்கு ரோடு காலியாகக் கிடைக்க மற்றவன் விலக வேண்டும். இதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வேறு.

#3 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

கிண்டி அண்ணா, சூடாகத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ளாத பாதி: நடு ஸ்டாக்ஹோமுக்குக் காலையில் காரில் வருகிறவர் யார்? ஆய்ந்து பார்த்தபோது, அதிகம் கட்டியவர்கள் நல்ல வருமானக்காரர்கள், ஆண்கள், நகர மையத்தில் குடியிருப்பவர்கள். மருத்துவமனையில் தரை துடைக்கிறவர் பெரும்பாலும் சுரங்க ரயிலில்தான் வருகிறார். அவரிடமிருந்து ஒரு குரோனர்கூட யாரும் வாங்கவில்லை.

அதைவிட முக்கியம், கட்டணத்துக்கு நான்கு மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், 197 புதுப் பேருந்துகளையும் 16 புதுத் தடங்களையும் இறக்கிவிட்டார்கள். முதலில் பஸ், அப்புறம் பில். இந்த வரிசை மாறியிருந்தால் வாக்கெடுப்பு தோற்றிருக்கும் என்பது என் எண்ணம்.

ஒப்புக்கொள்கிற பாதி: வந்த பணம் எங்கே போனது? ஆட்சி மாறியதும் புது அரசு 'இந்த வருமானம் சாலை கட்டத்தான்' என்றது. நகரத்தைச் சுற்றி மேற்கே பூமிக்கடியில் போகும் பெரிய புறவழிச் சாலைக்கு அதில் பெரும் பங்கு. கார் குறைய வாங்கிய காசில் காருக்கு ரோடு! எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் காற்றில் மாசு 5 முதல் 15 சதவீதம் குறைந்தது. குழந்தைகள் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வருவது கிட்டத்தட்ட பாதியானது. அந்தக் காற்றை சுவாசிக்க யாரும் பில் கட்டத் தேவையில்லை.

#4 தேக்கா (சிங்கப்பூர்)

ஸ்டாக்ஹோமுக்கு முப்பது வருடம் முன்னாலேயே இதை நாங்கள் காகிதத்தில் செய்தோம், தம்பி.

1975 ஜூன் 2. எனக்கு அப்போது பதினொரு வயது. நகர மையத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். காலை 7.30லிருந்து 9.30 வரை அந்தக் கோட்டுக்குள் கார் போக வேண்டும் என்றால் கண்ணாடியில் ஒரு உரிமச் சீட்டு ஒட்ட வேண்டும். நாளைக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதத்துக்கு 60. கேமராவெல்லாம் இல்லை. நுழைவிடத்தில் காவலர்கள் நின்று கண்ணாடியைப் பார்ப்பார்கள். சீட்டு இல்லையென்றால் நிறுத்த மாட்டார்கள், எண்ணை எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு ஓலை வரும்.

என் அப்பா ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். காரில் நான்கு பேர் இருந்தால் சீட்டு வேண்டாம் என்பது அன்றைய விதி. முதலாளி கஞ்சன். அப்பா காலையில் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் காரை ஓரம் கட்டுவார். "ஷென்டன் வே, ரெண்டு பேர்!" முன்பின் தெரியாத ஆட்கள் ஏறிக்கொள்வார்கள். பஸ் காசு அவர்களுக்கு மிச்சம், 3 வெள்ளி முதலாளிக்கு மிச்சம். சில வாரத்தில் அந்த நிறுத்தத்தில் இதற்கென்றே வரிசை நிற்க ஆரம்பித்ததாம். தட்டச்சு வேலைக்குப் போகும் ஒரு மலாய்ப் பெண் அப்பாவின் நிரந்தரப் பயணி. அவர் திருமணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம், பிரியாணி இன்னும் நினைவிருக்கிறது.

கட்டுப்பாட்டு நேரத்தில் உள்ளே வரும் வண்டிகள் ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்துவிட்டன. எதிர்பார்த்ததைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால், 9.30 அடித்ததும் கோட்டுக்கு வெளியே காத்திருந்த கார்கள் மொத்தமாக உள்ளே பாயும். இரண்டு மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்டிவிட்டார்கள்.

தப்புக் கணக்கும் உண்டு. கோட்டுக்கு வெளியே பத்தாயிரம் கார் நிறுத்துமளவுக்கு இடம் கட்டி, அங்கிருந்து தனி பஸ் விட்டார்கள். கிட்டத்தட்ட யாருமே வரவில்லை. காரை விட்டவர்கள் வீட்டு வாசலிலிருந்தே சாதாரண பஸ் பிடித்தார்கள், இல்லை என் அப்பாவைப் போல ஆள் சேர்த்தார்கள். காலையில் வராத கார் மாலையில் மட்டும் எங்கிருந்து வரும் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். அதுவும் பொய்த்தது. காலையில் சுற்றிப் போனவர்கள் மாலையில் நகரத்தின் நடுவாக வீட்டுக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஓட ஆரம்பித்தது 1987ல். 1975ல் இருந்தது பஸ் மட்டும்தான். 'முதலில் மெட்ரோ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

#5 அரை டிக்கெட் (கோயம்புத்தூர்)

நாலு பேர் இருந்தால் இலவசம் என்று இங்கே போட்டால், சிக்னலில் 'ஆள் வேணுமா சார், ஒரு தலைக்கு பத்து ரூபா' என்று ஒரு தொழிலே கிளம்பிவிடும்.

#6 தேக்கா (சிங்கப்பூர்)

சிரிக்காதீர்கள், அந்தச் சலுகையை 1989ல் எடுத்துவிட்டார்கள்.

#7 ஈஸ்ட்ஹாம் வாசி (லண்டன்)

எங்கட கதையையும் கேளுங்கோ. நான் 2003ல் ஒரு கடைக்கு வான் ஓட்டினேன். பெப்ரவரி 17, திங்கட்கிழமை. கென் லிவிங்ஸ்டன் மேயர். நடு லண்டனுக்குள் நுழைய 5 பவுண்ட். முதல் நாள் நகரம் ஸ்தம்பிக்கும் எண்டு பேப்பரெல்லாம் எழுதினது. நான் வழமையாக முக்கால் மணித்தியாலம் நிற்கிற இடத்தில் நிற்காமலே போனேன். ஏதோ பொதுவிடுமுறையை மறந்துபோய் வந்துவிட்டேனோ எண்டு ஒரு சந்தேகம்.

அன்று புதிதாக 300 பேருந்துகள் ஓடின. உள்ளே வரும் வாகனங்கள் 18 சதவீதம் அளவில் குறைந்தன, நெரிசல் 30 சதவீதம் அளவில். அந்த வருசமே ட்ரபால்கர் சதுக்கத்தின் வடக்குப் பக்க வீதியை மூடி, நடக்கிற ஆட்களுக்குக் கொடுத்தார்கள். முன்பு அந்த இடத்தில் வீதியைக் கடக்க உயிரைக் கையில் பிடிக்க வேணும்.

இனி மற்றப் பக்கம். 5 பவுண்ட் 8 ஆகி, 10 ஆகி, 11.50 ஆகி, 2020ல் 15 ஆனது. அதுக்குமேலும் கூடிவிட்டது. ஆனால் நெரிசலோ சில வருசத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. 2007ல் மேற்கே கென்சிங்டன் பக்கம் எல்லையை விரித்தார்கள். அடுத்த மேயர் போரிஸ் ஜோன்சன் வந்து அதைச் சுருக்கிவிட்டார். பணக்கார இடத்தில் போட்டால் நிலைக்காது, தம்பிமார்.

பிறகு வந்தது புகைக் கட்டணம், யூலெஸ். பழைய வண்டிக்கு நாளைக்கு 12.50 பவுண்ட். 2023 ஆகஸ்ட் 29லிருந்து லண்டன் முழுக்க. என்ர டீசல் வான் 2012 மாடல், மாட்டிக்கொண்டது. பழைய வண்டியைக் கொடுத்தால் உதவித்தொகை தந்தார்கள். அந்தக் காசில் நல்ல வண்டி எங்கே கிடைக்கும்? நான் வானை வித்துப்போட்டு, என்ர தொழிலையும் குறைத்துக்கொண்டேன். அதாலே கிண்டித் தம்பி சொல்றது எனக்கு நல்லா விளங்குது.

#8 கிண்டிக்காரன் (சென்னை)

வாங்க அண்ணை! அப்போ லண்டன் தோல்வி என்று எழுதிக்கொள்ளலாமா?

#9 ஈஸ்ட்ஹாம் வாசி (லண்டன்)

அப்படி எழுதாதையும்! நான் சொல்ல வந்தது அது இல்லை.

நெரிசல் ஏன் திரும்பியது? கார் குறைந்ததால் மிஞ்சின இடத்தை பஸ் தடத்துக்கும் சைக்கிளுக்கும் நடைபாதைக்கும் கொடுத்துவிட்டார்கள். வீதியே ஒடுங்கிப்போச்சு. அந்தக் காலத்திலேயே பழைய தண்ணீர்க் குழாய் மாத்துறதுக்கு எல்லா வீதியையும் கிண்டினார்கள். பிறகு கைபேசியில் கூப்பிடுகிற வாடகைக் கார்கள் பெருகின. அதுகளுக்கு 2019 ஏப்ரல் வரைக்கும் கட்டணமே இல்லை! நான் பொருட்களோட போனால் காசு, ஒருவர் தனியாக டாக்சியில் போனால் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க பதினாறு வருசம்.

ஆக கார் எண்ணிக்கை குறைந்தது நிசம், அந்த இடம் வேற ஆட்களுக்குப் போனதும் நிசம். என்ர மனுசி விடிய நாலரைக்கு எழும்பி நடு லண்டனில் அலுவலகம் துப்புரவாக்கப் போறவ. இரண்டு பஸ். 2016க்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறினால் இரண்டாவது பஸ்ஸுக்குக் காசில்லை. 'உங்கட வான் போனால் போகட்டும், என்ர பஸ் நேரத்துக்கு வருது' எண்டுறா. வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி.

#10 கணக்கு வாத்தியார் (மதுரை)

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தில் ஒரு வண்டி குறைந்தால் நெரிசல் மட்டும் எப்படி அதைவிட அதிகமாகக் குறைகிறது? கல்யாணப் பந்தியை நினையுங்கள். நூறு இலை, நூற்றிருபது பேர். சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பரிமாறுகிறவரால் சாம்பார் வாளியோடு நகர முடியாது, பந்தி முடியவே இரட்டை நேரம் ஆகும். அந்த இருபது பேர் 'காபி குடித்துவிட்டு அடுத்த பந்திக்கு வருகிறோம்' என்று வெளியே போனால் போதும், மண்டபமே மூச்சு விடும். யாரும் பட்டினி கிடக்கவில்லை. சாலையும் அப்படித்தான். கொள்ளளவைத் தாண்டிய அந்தக் கடைசிச் சில வண்டிகள்தான் எல்லோரையும் நிறுத்துகின்றன.

இதைக் கணக்காகச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர். 1950களில் நியூயார்க் சுரங்க ரயிலுக்கே நேரத்துக்கு ஒரு கட்டணம் வையுங்கள் என்றார், பிறகு சாலைக்கும் அதையே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. 1996 அக்டோபரில் நோபல் அறிவித்தார்கள், மூன்றே நாளில் காலமானார். அவர் பாடம் நடத்திய அதே நியூயார்க்கில் 60வது தெருவுக்குத் தெற்கே கட்டணம் வந்தது 2025 ஜனவரி 5ல். 15 டாலர் என்று முடிவாகி, ஆளுநர் கடைசி நேரத்தில் நிறுத்தி, பிறகு 9 டாலராகக் குறைத்து ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது ஹாங்காங். இதை ஏனோ யாருமே பேசுவதில்லை. 1983 முதல் 1985 வரை, கார்களின் அடியில் மின்னணுத் தகடு பொருத்தி, சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கருவி அருமையாக வேலை செய்தது. மக்கள் வேண்டாம் என்று துரத்திவிட்டார்கள். ஏன்? பில்லில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று இருக்கும். 1984ல்தான் ஊரைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. 'நான் எங்கே போகிறேன் என்ற கணக்கு நாளைக்கு யார் கையில் இருக்கும்?' என்ற பயம். பனிக்கரடி தம்பி, உங்கள் பில்லிலும் நேரம் இருக்குமே?

#11 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

இருக்கிறது சார். செவ்வாய் 7.52, அதே நாள் 17.10, வியாழன் 8.04. என் மனைவி பார்த்துவிட்டு 'வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலைன்னு சொன்னீங்களே?' என்று கேட்டதும் உண்டு. பிறந்த நாளுக்கு மோதிரம் வாங்கப் போயிருந்தேன், ரகசியம் அம்பேல்.

#12 வோல்ட்டு வேலு (ஓசூர்)

எல்லோரும் பழங்கதை பேசுகிறீர்கள். இன்னும் பத்து வருடத்தில் எல்லாம் பேட்டரி வண்டி. புகையே இருக்காது. அப்புறம் எதற்குக் கட்டணம்?

#13 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

வேலு, பேட்டரி கார் நூறு நின்றாலும் நெரிசல் நெரிசல்தானே. புகை இல்லாத நெரிசல், அவ்வளவுதான். டயர் தேய்கிற தூசியும் கூடவே வரும்.

இதில் நாங்கள் சூடு கண்ட பூனை. தொடக்கத்தில் எத்தனால் வண்டி போன்ற 'பசுமைக் கார்களுக்கு' கட்டணம் கிடையாது. என்ன ஆச்சு? ஊரே எத்தனால் கார் வாங்கியது. விலக்கு இருந்ததால் அதே ஆள் அதே நேரத்தில் அதே பாலத்தில் போனார், கார் மட்டும் வேறு. 2009 முதல் புது வண்டிக்கு விலக்கு இல்லை, 2012ல் பழையதற்கும் எடுத்துவிட்டார்கள்.

#14 நெறியாளர்

இழையில் உள்ளூர் கட்சிச் சண்டையாகப் போன நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஸ்டாக்ஹோம் மேயர் தோற்றதற்கு இங்கே உள்ளவர்கள் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று புரியவில்லை. தொடருங்கள்.

#15 பூஜ்ஜிய டிக்கெட் (சென்னை)

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயம் கவனித்தீர்களா, தேக்கா அக்காவைத் தவிர எழுதிய எல்லோரும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள்.

எனக்குக் கார் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என்னுடன் வேலை செய்யும் அக்கா ஒருவர், அதற்கு முன்னால் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க தினமும் இரண்டு ஸ்டாப்பிங் நடப்பார். வெயிலில், மதியச் சாப்பாட்டுப் பையோடு. இப்போது ஏறுகிறார், கண்டக்டர் பூஜ்ஜியம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுகளை அவர் கொஞ்ச நாள் தூக்கிப் போடாமல் பர்ஸில் சேர்த்து வைத்திருந்தார், காரணம் கேட்டால் சிரிப்பார்.

கிண்டி சார், 'ஏழை மாட்டுவான்' என்கிறீர்கள். ஏழை ஏற்கெனவே மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அறுபது பேர் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் ஆளுக்கொரு காராக எட்டுக் கார் நிற்கிறதே, அந்த நேரத்துக்கு எங்களுக்கு யார் பில் தருவார்கள்? லண்டன் அண்ணை வீட்டு அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

#16 கிண்டிக்காரன் (சென்னை)

சரிம்மா, அந்த அடி வாங்கிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் என் காரிலும் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

ஆனால் ஒரு நடைமுறைச் சந்தேகம். அங்கெல்லாம் கார். இங்கே ரோட்டை நிறைப்பது டூவீலர். லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்று படித்தேன். அதே விதியை இங்கே போட்டால் கார்காரன் எல்லாம் ஸ்கூட்டருக்கு மாறுவான், பஸ்ஸுக்கு வர மாட்டான். விலக்கு இல்லை என்றால் மாமாவின் தீர்ப்பு முழுசாகப் பலித்துவிடும். இதற்கு ஐரோப்பாவில் விடை கிடையாது.

#17 தேக்கா (சிங்கப்பூர்)

நல்ல கேள்வி. எங்களிடமும் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு விலக்குதான், 1989ல் அதையும் சேர்த்தார்கள். 1998ல் சீட்டு போய் மின்னணு வாயில் வந்தபோது பைக்குக்கும் கருவி, காரைவிடக் குறைந்த கட்டணம்.

ஆனால் தம்பி, சிங்கப்பூரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். இங்கே கார் குறைந்ததற்கு அந்த வாயில் மட்டும் காரணம் இல்லை. 1990லிருந்து கார் வாங்குவதற்கே ஏலத்தில் ஒரு உரிமைச் சான்று எடுக்க வேண்டும், பத்து வருடத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தக் காகிதம் மட்டும் 150,001 வெள்ளி. கார் விலை தனி! 2018லிருந்து கார் எண்ணிக்கை வளரவே கூடாது என்று நிறுத்தியும் விட்டார்கள். என் மகன் நல்ல சம்பளக்காரன், அவனே பஸ்ஸில்தான் போகிறான். பக்கத்து வீட்டு வணிகர் இரண்டு கார் வைத்திருக்கிறார். அவரவர் பங்கு எவ்வளவு நியாயம் என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்வேன். பஸ்ஸில் போவது இங்கே யாருக்கும் குறைவாகத் தெரியாது. பெரிய அதிகாரியும் வரிசையில் நிற்பார். அது விலையால் வந்ததா, பஸ்ஸின் தரத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

#18 கணக்கு வாத்தியார் (மதுரை)

பனிக்கரடி தம்பி ஸ்டாக்ஹோமைப் புகழ்ந்தார், அதே ஸ்வீடனின் கோத்தன்பர்க்கைச் சொல்லவில்லையே! அங்கே 2013ல் கட்டணம் வந்தது, 2014ல் வாக்கெடுப்பு. 57 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். எடுத்தார்களா? இல்லை! ஆலோசனை வாக்கெடுப்புதான் என்று சொல்லித் தொடர்ந்து வாங்குகிறார்கள்.

#19 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

மாட்டிக்கொண்டேன் சார். நகரத்துக்கு அடியில் ரயில் சுரங்கம் உள்பட ஒரு பெரிய திட்டத்துக்கு அந்தப் பணத்தை முன்பே எழுதிக்கொடுத்துவிட்டார்கள், பின்வாங்க முடியவில்லை. ஸ்டாக்ஹோமில் முதலில் காட்டிவிட்டு அப்புறம் கேட்டார்கள். அங்கே காசுக்குக் கணக்கு எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்கள். எனக்கே அங்கே ஓட்டு இருந்திருந்தால் எரிச்சலில் 'வேண்டாம்' போட்டிருப்பேனோ என்னவோ.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இன்னும் கதை. அங்கே 2005ல் எதையும் காட்டாமலே கேட்டார்கள், நான்கில் மூன்று பேர் 'வேண்டாம்'. திட்டம் அன்றோடு காலி.

இதில் ஆராய்ச்சி செய்த யோனாஸ் எலியாசன் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஸ்டாக்ஹோமில் சில வருடம் கழித்துக் கேட்டபோது பத்தில் ஏழு பேர் ஆதரவு. ஆனால் 'நான் முன்பு எதிர்த்தேன், மாறிவிட்டேன்' என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் ஆரம்பத்திலிருந்தே ஆதரித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அப்படித்தான், சத்தியம் செய்வார்.

#20 அரை டிக்கெட் (கோயம்புத்தூர்)

அதெல்லாம் இருக்கட்டும். மாமா என்ன ஆனார்?

#21 பனிக்கரடி (ஸ்டாக்ஹோம்)

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். போவதற்கு இரண்டு நாள் முன்னால் 4ஆம் எண் நீலப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். வேஸ்டர்ப்ரோன் என்று ஒரு உயரமான பாலம் இருக்கிறது, ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர், ஊர் முழுக்கத் தெரியும். மற்றவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து பக்கத்தில் போகும் கார்களுக்குள் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு... இதுல ரெண்டு பேர்... ஒண்ணு."

பாலம் இறங்கியதும் கேட்டார், "இந்த பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருது?"

காலையில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒன்று வரும் என்றேன். அதை அவர் நம்பவில்லை. இறங்கி நிறுத்தத்திலேயே நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குளிரில், அடுத்த பஸ் வரும் வரை.

#22 கிண்டிக்காரன் (சென்னை)

இன்று காலை ஹால்டா சந்திப்பு பக்கம் ஒரு டீக்கடையில் நின்று நானும் மாமா மாதிரி எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு என்று முப்பது வரை சரியாகத்தான் போனது. அப்புறம் சிக்னல் விழுந்தது, இடையில் நூறு டூவீலர் புகுந்துவிட்டது, எண்ணிக்கை தப்பிவிட்டது. டீயும் ஆறிவிட்டது. நாளைக்கு நடைமேம்பாலத்தில் ஏறி நின்று மறுபடி எண்ணுகிறேன். பூஜ்ஜிய டிக்கெட் அம்மா, நீங்கள் அந்தப் பக்கம்தான் என்றால் பஸ்களை எண்ணிக்கொடுக்க முடியுமா?

#23 பூஜ்ஜிய டிக்கெட் (சென்னை)

எட்டரைக்கு வருகிறேன். டீ உங்கள் கணக்கில்.